இதயநோயாளிக்கு ‘நார்மல்’ என்று ஓர் அளவு இல்லை

இந்திய மருத்துவமனைகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படும் சொற்களுள் பெருங்கேடு விளைவிப்பது ‘நார்மல்’ என்ற சொல். மாரடைப்பு வந்து, இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவர் ஓராண்டு கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 96 மில்லிகிராம் என்று அறிக்கை காட்டுகிறது. எதிரே அச்சிடப்பட்டிருக்கும் அளவு ‘100-க்குக் கீழ்’. எண் தடித்த எழுத்தில் இல்லை. அருகில் அம்புக்குறியும் இல்லை. ஆய்வகம் நார்மல் என்கிறது. மருத்துவர் தாளைப் புரட்டிப் பார்த்து நார்மல் என்கிறார். நோயாளி வீட்டிற்குச் சென்று நார்மல் என்று சொல்லிவிட்டு, சில மாதங்களில் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். மூவர் கூறியதும் தவறு. ஆனால் அடுத்த மாரடைப்பு வரும்போது பழி மூன்றாமவர்மீது மட்டும் விழுகிறது: ‘ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்’.

இப்பழி நியாயமற்றது. கொலஸ்ட்ரால் சிகிச்சை இந்நாட்டில் தோற்பதற்கு நோயாளியின் அலட்சியம் முதற்காரணம் ஆகாது. சொல்லப்பட வேண்டியதைச் சொல்லாத மருத்துவமும், அறுவை அரங்கின் வாசலோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணும் அரசுமே முதற்காரணங்கள்.

முதலில் அந்த 100 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2001-இல் அமெரிக்காவின் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் தன் மூன்றாவது வல்லுநர் குழு அறிக்கையை வெளியிட்டது. எல்.டி.எல். 100-க்குக் கீழ் இருந்தால் உகந்தது, 100 முதல் 129 வரை ஏறத்தாழ உகந்தது, 130-க்கு மேல் எல்லைக்கோடு என்ற படிநிலை அதிலிருந்து வந்தது. இந்தியாவின் பல ஆய்வகங்கள் இன்றும் அச்சிடுவது இந்தப் படிநிலையைத்தான். அன்று இதயநோயாளிகளுக்கும் இலக்கு 100-ஆகவே இருந்தது. 2004-இலேயே மிகுந்த இடர் உள்ளோருக்கு 70 என்ற இலக்கைத் தெரிவு செய்யலாம் என்று அதே திட்டம் திருத்தம் வெளியிட்டது. 2019-இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் இலக்கை 55-ஆகக் குறைத்ததோடு, தொடக்க அளவிலிருந்து குறைந்தது பாதியாவது குறைய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. 2024-இல் இந்திய இதயவியல் கழகம் இந்தியர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களுக்கு 55-க்குக் கீழ் என்றே கூறுகின்றன. மருத்துவம் இரண்டு தலைமுறை வழிகாட்டல்களைக் கடந்துவிட்டது. ஆய்வக அறிக்கை 2001-இல் நிற்கிறது.

96-க்கும் 55-க்கும் இடையே உள்ள வேறுபாடு 41 மில்லிகிராம். அது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆக்ஸ்ஃபோர்டு, சிட்னி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஒருங்கிணைக்கும் கொலஸ்ட்ரால் சிகிச்சை ஆய்வாளர் கூட்டமைப்பு 2010-இல் 26 சோதனைகளின் தரவுகளை, ஏறத்தாழ 1,70,000 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. எல்.டி.எல். லிட்டருக்கு ஒரு மில்லிமோல், அதாவது சுமார் 39 மில்லிகிராம் குறையுந்தோறும், மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை ஆகிய பெருநிகழ்வுகள் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தன. ஆக, ‘நார்மல்’ என்ற ஒரு சொல் மறைத்துவிடும் 41 மில்லிகிராம் என்பது, தவிர்த்திருக்கக்கூடிய ஆபத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை மறைப்பவர் நோயாளி அல்லர்.

இந்த அறிவு எளிதில் கிடைத்ததும் அன்று. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, இரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிற்று. ஜப்பானிய உயிர்வேதியியலர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எவ்வாறு இழுத்துக்கொள்கிறது என்று விளக்கிய மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வளவுக்குப் பின்னும் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் உயிர் பிழைப்பார்களா என்ற ஐயம் மருத்துவ உலகில் இருந்தது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சிம்வாஸ்டாட்டின் ஆய்வு அதற்கு விடை தந்தது. முன்பே மாரடைப்போ ஆஞ்சினாவோ கண்ட 4,444 பேர் அதில் பங்கேற்றனர். ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேரும், சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களில் 182 பேரும் இறந்தனர். ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு இம்மருந்து பயனளிக்குமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

விடை கிடைத்து முப்பதாண்டுகள் ஆன பிறகு மருத்துவமனைகளில் நடப்பது என்ன? வீட்டுக்கு அனுப்பும் நாளில் அட்டர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ எழுதித் தருகிறார்கள். மருந்து தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபரிசோதனை செய்து, இலக்கை எட்டவில்லையெனில் சிகிச்சையை ஒரு படி உயர்த்த வேண்டும் என்பது நெறி. நடைமுறையில் மறுபரிசோதனை பல நேரங்களில் நடப்பதில்லை. நடந்தாலும் அதன் முடிவு மருந்துச் சீட்டை மாற்றுவதில்லை. ‘அதே மருந்தைத் தொடருங்கள்’ என்ற வாக்கியத்தோடு சந்திப்பு முடிகிறது. மருத்துவ இலக்கியம் இதற்குச் சிகிச்சைத் தேக்கம் என்று பெயரிட்டிருக்கிறது. நோயாளி மருந்தைத் தவறவிட்டால் அது குணக்கேடு. மருத்துவர் அளவை உயர்த்தத் தவறினால் அது ‘தேக்கம்’. பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை இவ்விரு சொற்களே காட்டிவிடும்.

உயர்த்த வழி இல்லாமலும் இல்லை. ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் சுமார் 6 விழுக்காடுதான் குறையும் என்பது மருத்துவ மாணவர் அனைவரும் படிக்கும் பாடம். எனவே வீரியமிக்க அளவில் ஸ்டாட்டின் தந்தும் இலக்கு எட்டாதபோது, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் சேர்க்கப்படுகிறது. 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று, திடீர் இதயத் தாக்குதலுக்கு உள்ளான 18,144 பேரிடம் இதைச் சோதித்தது. எசெட்டிமைப் சேர்க்கப்பட்டவர்களின் எல்.டி.எல். 70-லிருந்து 54-ஐ ஒட்டிக் குறைந்தது. ஏழாண்டுகளில் இதய நிகழ்வுகள் 34.7 விழுக்காட்டிலிருந்து 32.7-ஆயின. நூற்றுக்கு இருவர் என்பது மயக்கும் வெற்றி அன்று. ஆயினும் இதயநோயாளிகள் கோடிக்கணக்கில் உள்ள நாட்டில் அந்த இருவர் பெருங்கூட்டமாவர். அதற்கும் எட்டாதோர்க்கு பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. அவற்றின் விலை பெரும்பாலான இந்தியருக்கு எட்டாதது. ஆனால் கைக்கெட்டும் முதல் இரு படிகளிலேயே ஏறாதவர்கள் மூன்றாம் படியின் விலையைக் காரணம் காட்ட முடியாது.

இனி நோயாளியின் பக்கம் வருவோம். அவர் ஏன் மாத்திரையை நிறுத்துகிறார்? ‘படிப்பறிவின்மை’ என்ற ஆயத்த விடை பொய். தனக்குக் கிடைத்த சொற்களைக் கொண்டு அவர் சரியாகவே முடிவு செய்கிறார். இந்தியரின் மருந்துப் பழக்கத்தில் ‘கோர்ஸ்’ என்ற சொல் ஆழ வேரூன்றியிருக்கிறது. காய்ச்சலுக்கு ஐந்து நாள், காசநோய்க்கு ஆறு மாதம். கோர்ஸ் முடிந்தால் நோய் முடிந்தது. கொலஸ்ட்ரால் ‘கூடியிருக்கிறது’ என்று மாத்திரை தந்தார்கள். ‘நார்மலாகிவிட்டது’ என்று அவர்களே சொன்னார்கள். ஆகவே கோர்ஸ் முடிந்தது. இவ்வாதத்தில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. பிழை அதற்கு அளிக்கப்பட்ட முதற்கூற்றில் இருக்கிறது. அந்த எண் குறைந்திருப்பது மாத்திரையினால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் அது பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்ற ஒரு வாக்கியத்தை எவரும் அவரிடம் கூறவில்லை.

‘கொழுப்பு’ என்ற சொல்லும் தன் பங்குக்குக் குழப்புகிறது. ஆட்டிறைச்சியில் வெண்மையாகத் தெரிவதும் கொழுப்பு, இடுப்பில் சேர்வதும் கொழுப்பு, திமிரும் கொழுப்பு. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலுக்கும் அதே சொல். இதனால் ஒல்லியான உடலினர், மரக்கறி மட்டும் உண்பவர், எண்ணெயைக் குறைத்துக்கொண்டவர் ஆகியோர் தமக்கு இம்மருந்து தேவையில்லை என்று எளிதில் நம்பிவிடுகின்றனர். உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலும் பிற உறுப்புகளுமே உருவாக்குகின்றன. ஸ்டாட்டின் வேலை செய்வது அந்த உற்பத்தியின்மீதே. உணவுக் கட்டுப்பாடு அவசியமானது, ஆனால் மாரடைப்பு கண்டவருக்கு மருந்தின் இடத்தை அது நிரப்பாது. ‘எண்ணெயைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவர், நோய்க்குக் காரணம் நோயாளியின் நாக்கு என்ற குற்றவுணர்வையும் சேர்த்தே அனுப்புகிறார்.

அடுத்தது அச்சம். ஸ்டாட்டின் தசையை அரிக்கும், சர்க்கரையைக் கூட்டும், ஈரலைக் கெடுக்கும் என்ற செய்திகள் கைப்பேசிதோறும் உலவுகின்றன. இவற்றை எள்ளி நகையாடுவது எளிது. அது பயனற்றது மட்டுமல்ல, நேர்மையும் அன்று. அச்செய்திகளுக்கு ஓர் உண்மைக் கரு உண்டு. தசைவலி சிலருக்கு வருகிறது. தசைச் செல்கள் சிதையும் கடும் பாதிப்பு மிக அரிதாக நேர்கிறது. அதன் பொருட்டே செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து 2001-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நீரிழிவு வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுவதும் மெய்ப்பிக்கப்பட்டதே. அதே வேளையில், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட சோதனையின் முடிவும் மெய்யே. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு, சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் காலிப் புட்டியும் அளிக்கப்பட்டன. ஸ்டாட்டின் உண்ட மாதங்களில் கூடுதலாகத் தோன்றிய துன்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்று மாத்திரை உண்ட மாதங்களிலும் தோன்றிற்று. அவர்கள் உணர்ந்த வலி கற்பனை அன்று. ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம் மாத்திரைக்குள் இருந்த வேதிப்பொருள் அன்று, மாத்திரை உண்கிறோம் என்ற எதிர்பார்ப்பு. இம்முடிவைப் பொறுமையாக எடுத்துக் கூறிய பின் அவர்களுள் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர். மருந்துக்கு அஞ்சியவர்களை மருந்துக்குத் திருப்பியது கண்டிப்பு அன்று, விளக்கம்.

விளக்கம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் டென்மார்க் காட்டியிருக்கிறது. அந்நாட்டின் தரவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஸ்டாட்டினுக்கு எதிரான ஊடகச் செய்திகள் வெளியான காலத்தில் மருந்தைத் தொடக்கத்திலேயே நிறுத்துவோர் கூடியதையும், அவ்வாறு நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு 26 விழுக்காடு மிகுந்திருந்ததையும் பதிவு செய்தது. நோயாளி ஐயத்தோடு கேட்கும் கேள்விக்கு மருத்துவர் மௌனம் காத்தால், அந்த மௌனத்தை யாரேனும் நிரப்புவார்கள்.

பல்கலைக்கழக வட்டாரங்களில் வேறொரு மறுப்பு எழுவதுண்டு. இலக்கு எண்களை மேலும் மேலும் குறைப்பது மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி, உடலை எண்ணாக்கும் அதிகாரத்தின் வேலை என்பது அது. ஐயுறுவதில் தவறில்லை. 1994-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே மருந்து நிறுவனம்தான். நோயே இல்லாத நடுவயதினருக்கு ஸ்டாட்டின் எப்போது தேவை என்ற விவாதம் இன்றும் நியாயமானது. ஆனால் ஒருமுறை மாரடைப்பு கண்டவரை அந்த விவாதத்துக்குள் இழுப்பது பெருந்தவறு. அட்டர்வாஸ்டாட்டினின் காப்புரிமை அமெரிக்காவிலேயே 2011-இல் முடிந்துவிட்டது. இந்தியாவில் அது தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ள, மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் கிடைக்கும் மாத்திரை. அதில் கொள்ளை இலாபம் காணும் நிறுவனம் எதுவும் இல்லை. அதிகாரத்தை விமரிசிக்க விரும்புவோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவ்வளவு மலிவான மாத்திரை ஏழையின் கைக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

போய்ச் சேரவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2011-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பல நாட்டு ஆய்வு, ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ கண்டவர்களில் எத்தனை பேர் உரிய மருந்துகளை உண்கிறார்கள் என்று வீடுதோறும் கணக்கெடுத்தது. செல்வ நாடுகளில் ஸ்டாட்டின் உண்டவர்கள் 66.5 விழுக்காடு. இந்தியாவும் உள்ளடங்கிய குறைவருமான நாடுகளில் 3.3 விழுக்காடு. அதன்பின் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் நூற்றுக்கு மூவர் என்ற இடத்திலிருந்து தொடங்கிய நாடு இது என்பதை மறக்கலாகாது. தொண்ணூற்றேழு பேரும் அலட்சியக்காரர்கள் என்று எந்த மருத்துவரும் துணிந்து கூற முடியாது.

அரசின் பங்கு இங்குதான் வருகிறது. 2017-இல் ஸ்டென்ட்டின் விலைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது, நல்ல முடிவு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது, இதுவும் நல்லதே. ஆனால் அத்திட்டம் மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபின் 15 நாள் மருந்துச் செலவையே ஏற்கும். மாரடைப்பு கண்டவர் ஸ்டாட்டினை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். பதினாறாம் நாள் முதல் அந்த வாழ்நாள் அவருடைய சொந்தப் பொறுப்பு. ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத் திறக்கிறது. பிற தமனிகளில் படிந்துகொண்டிருப்பதை அது தொடுவதில்லை. அதைத் தடுப்பது தினசரி மாத்திரை. பெருஞ்செலவு பிடிக்கும் ஒருநாள் சிகிச்சைக்குப் பணம் தந்து, சிறுசெலவு பிடிக்கும் நெடுநாள் சிகிச்சையைக் கைவிடுவது சிக்கனம் ஆகாது. இரண்டாவது ஸ்டென்ட்டுக்கு முன்பணம் செலுத்துவதே ஆகும்.

‘நேரமில்லை’ என்று மருத்துவர்கள் கூறுவதுண்டு. அரசு மருத்துவமனைப் புறநோயாளர் வரிசையை ஒருமுறை பார்த்தவர் எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் விளக்கும் பணியை இதயநோய் வல்லுநரே செய்தாக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில், திடீர் இதயத் தாக்குதலுக்கு உள்ளான 806 பேரிடம் நடந்து, 2016-இல் வெளியான சோதனை வழியைக் காட்டியிருக்கிறது. பயிற்சி பெற்ற சமூகநலப் பணியாளர்கள் ஓராண்டுக் காலம் நோயாளிகளோடு உரையாடினர், படங்களைக் காட்டினர், நாட்குறிப்பு எழுதச் செய்தனர். ஓராண்டு முடிவில் அவர்களுடைய குழுவில் மருந்தைத் தொடர்ந்தவர்களின் விழுக்காடு மற்றக் குழுவைவிடக் கூடியிருந்தது. புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை. தரப்பட்டது பேச்சு.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. ஆய்வக அறிக்கைகளில் எல்.டி.எல். எண்ணுக்கு எதிரே ‘இதயநோய் உள்ளவருக்கு 55-க்குக் கீழ்’ என்ற வரி தனியே அச்சாக வேண்டும். மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயாளியின் தொடக்க அளவும், அவர் எட்ட வேண்டிய இலக்கும், மறுபரிசோதனை நாளும் இடம்பெற வேண்டும். ‘அளவு குறைந்தபின்னும் இம்மாத்திரையை நிறுத்தக்கூடாது’ என்ற ஒரு வாக்கியம் அவருடைய தாய்மொழியில் இருக்க வேண்டும். மறுபரிசோதனையில் இலக்கு எட்டாதபோது மருந்து ஏன் மாற்றப்படவில்லை என்பதற்கு மருத்துவர் காரணம் எழுத வேண்டும். ஆயுஷ்மான் பாரத்தின் 15 நாள் வரம்பு, ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்கேனும் வாழ்நாள் மருந்தாக நீட்டிக்கப்பட வேண்டும்.

மொழித்துறைகளுக்கும் இதில் ஒரு கடன் உண்டு. மருத்துவத் தமிழ், மருத்துவ இந்தி, மருத்துவ வங்காளம் என்று பேசும்போதெல்லாம் கலைச்சொல்லாக்கமே பேசப்படுகிறது. கொலஸ்ட்ராலுக்கு எந்தச் சொல் தூயது என்று கருத்தரங்கு நடத்துவதால் ஒரு நோயாளியும் பிழைக்கப் போவதில்லை. நோயாளியிடம் எந்த வாக்கியம் சொல்லப்படுகிறது, அதிலிருந்து அவர் எதைப் புரிந்துகொள்கிறார், அப்புரிதல் மருந்தை உண்ணச் செய்கிறதா நிறுத்தச் செய்கிறதா என்பவை ஆராயப்பட வேண்டும். புறநோயாளர் அறைகளில் அமர்ந்து இவ்வுரையாடல்களைப் பதிவுசெய்து பகுத்தாயும் ஆய்வேடுகள் இந்திய மொழிகளில் வர வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் அவற்றுக்குக் கதவைத் திறக்க வேண்டும். அதுவரை, மருந்தை நிறுத்திய நோயாளியை எவரேனும் குற்றஞ்சாட்டினால், அவரிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்பதே திருப்பிக் கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி.